ஆர்தர் ஃப்ரீட்: பாட்டெழுதியவரே படமெடுத்தவர்

ஆர்தர் ஃப்ரீட் என்ற பெயர் அமெரிக்கத் திரைப்பட வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இரு துண்டுகளாகவே காணப்படுகிறது. முதல் துண்டில் அவர், 1920களிலும் 1930களிலும் இசையமைப்பாளர் நேசியோ ஹெர்ப் பிரௌனின் மெட்டுகளுக்கு எளிய காதல் வரிகளை எழுதித் தந்த, இரண்டாம் வரிசையில் வைக்கத்தக்க பாடலாசிரியர். இரண்டாம் துண்டில் அவர், 1939 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனத்தில், அதாவது எம்.ஜி.எம். ஸ்டுடியோவில், இசைப்படங்களின் தயாரிப்பை மேற்பார்த்த நிர்வாகி. இசைப்படம் என்பது இங்கே, கதைமாந்தர் தம் உணர்ச்சியைப் பேச்சிலிருந்து பாட்டுக்கும் பாட்டிலிருந்து ஆட்டத்துக்கும் கொண்டு செல்லும் அமெரிக்கத் திரைவடிவத்தைக் குறிக்கும். இந்த இரு துண்டுகளுக்கும் இடையே எந்த உறவும் இல்லை என்பது போலவும், பாட்டெழுதும் தொழிலை விட்ட பிறகே ஃப்ரீட் வரலாற்றில் இடம்பெறத் தகுந்தவரானார் என்பது போலவும், அப்போதும்கூட அவருடைய பங்கு பிறருடைய திறமைக்குப் பணம் ஒதுக்கியதோடு நின்றது என்பது போலவும் எழுதுவது வழக்கமாகிவிட்டது.

இந்தக் கருத்து எங்கிருந்து வலுப்பெற்றது என்பது தெளிவு. 1950களில் பிரான்சில் 'கையே து சினிமா' இதழைச் சூழ்ந்த இளம் விமர்சகர்கள், ஒரு திரைப்படத்தின் உண்மையான ஆசிரியர் அதன் இயக்குநரே என்ற கொள்கையை முன்வைத்தார்கள். அமெரிக்காவில் ஆண்ட்ரூ சாரிஸ் 1968இல் வெளியிட்ட நூலில் அதே கொள்கையின்படி ஹாலிவுட் இயக்குநர்களை வரிசைப்படுத்தினார். ஸ்டுடியோக்களின் கூட்டு உழைப்புக்குள் மறைந்து கிடந்த பல இயக்குநர்களின் தனித்தன்மையை வெளிக்கொணர்ந்தது அக்கொள்கையின் நற்பயன்; ஆனால் இயக்குநர் நாற்காலியில் அமராத எவரையும் கலைஞராகக் காண மறுக்கும் பழக்கத்தையும் அதுவே விட்டுச் சென்றது. அதன்படி 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' வின்சென்ட் மினெல்லிக்கும், 'சிங்கிங் இன் த ரெயின்' ஜீன் கெல்லி, ஸ்டான்லி டோனென் இருவருக்கும் உரியவை ஆயின. இரண்டுக்கும் பொதுவாக நின்ற மனிதர், ஸ்டுடியோத் தலைவர் லூயிஸ் பி. மேயரின் நம்பிக்கையைப் பெற்றிருந்த நல்லூழ் உடையவர் என்ற அளவில் ஒதுக்கப்பட்டார். இதற்கு மேலும் ஒரு குற்றச்சாட்டு சேர்க்கப்படுகிறது: 'சிங்கிங் இன் த ரெயின்' படமே, தம் பழைய பாடல்களைத் திரும்பவும் திரையில் காண விரும்பிய ஒரு பாடலாசிரியரின் தற்பெருமையிலிருந்து பிறந்தது, படம் நன்றாக அமைந்தது அவரையும் மீறியே என்பதாகும். இந்த வாதங்கள் எதுவும் ஃப்ரீட் செய்த வேலையின் விவரங்களுக்கு முன் நிற்பதில்லை. அவர் தயாரித்த படங்களின் மேன்மை, பாட்டெழுதும் தொழிலில் அவர் கற்றவற்றின் நேரடித் தொடர்ச்சி ஆகும். பாடலாசிரியரை நீக்கிவிட்டால் தயாரிப்பாளரைப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

முதலில் அந்தத் தொழில் எத்தகையது என்பதைக் காண வேண்டும். 1894இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, சியாட்டிலில் வளர்ந்த ஃப்ரீட், இளமையில் சிகாகோவில் ஓர் இசைப் பதிப்பகத்தில் பியானோ வாசிக்கும் வேலையில் சேர்ந்தார். வானொலி பரவாத அக்காலத்தில் ஒரு பாட்டின் வருமானம், அதன் வரிகளும் சுரக்குறிப்பும் அச்சிட்ட பாட்டுத்தாளின் விற்பனையிலிருந்தே வந்தது. ஆகவே பதிப்பகங்கள், புதிய பாட்டை வாசித்தும் பாடியும் காட்டி, மேடைக் கலைஞர்கள் அதைத் தம் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்ளும்படி செய்வதற்கென்றே ஆட்களை வைத்திருந்தன. இந்த வேலையில் இருப்பவர் ஒரே பாட்டை ஒரே நாளில் பல குரல்களுக்கு ஏற்பச் சுருதி மாற்றி வாசிப்பார். எந்தப் பாட்டு எவர் வாயில் உயிர்பெறும், எவர் வாயில் செத்துவிடும் என்பதை அவர் நாள்தோறும் கண்முன் காண்பார். அங்கேதான் மார்க்ஸ் சகோதரர்களின் தாயார் மின்னி மார்க்ஸ் அவரைச் சந்தித்தார். அதன் வழியே ஃப்ரீட் அச்சகோதரர்களுடன் வாடவில் மேடையில், அதாவது பாட்டு, ஆட்டம், நகைச்சுவை, வித்தை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பலவகைக் காட்சி மேடையில், பாடகராக ஊர் ஊராகச் சென்றார். 1923இல் இசைக்குழுத் தலைவர்களான கஸ் ஆர்ன்ஹைம், ஏப் லைமன் இருவருடனும் சேர்ந்து எழுதிய 'ஐ கிரைட் ஃபார் யூ' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பின்னாளில் பில்லி ஹாலிடே உட்படப் பலர் அதைப் பாடினார்கள்.

ஃப்ரீடின் வரிகளில் கோல் போர்ட்டரின் சாமர்த்தியமோ, லோரன்ஸ் ஹார்ட்டின் கசப்பு கலந்த நுட்பமோ, ஐரா கெர்ஷ்வினின் சொல் விளையாட்டோ இல்லை என்பதை மறுக்க வேண்டிய தேவை இல்லை. அது உண்மை. ஆனால் அந்த உண்மையிலிருந்து அவர் வரிகள் தரம் குறைந்தவை என்ற முடிவுக்குத் தாவுவது, தாளில் படிக்கும்போது சிறக்கும் வரியை மட்டுமே நல்ல வரியாகக் கொள்ளும் பிழையாகும். போர்ட்டரின் பாட்டைக் கேட்பவர் எழுதியவரை நினைக்கிறார். ஃப்ரீடின் பாட்டைக் கேட்பவர் பாடுபவரை நினைக்கிறார். மேடையில் முதலாவது பெரும் பலம். முகத்தை மிக அருகில் காட்டும் திரையில், பாடுபவரின் முகத்துக்கும் உடலுக்கும் இடம் விட்டு விலகி நிற்கும் வரிக்குத் தனிப் பயன் உண்டு. 'சிங்கிங் இன் த ரெயின்' என்ற பாட்டின் கதையே இதற்குச் சான்று. 1929இல் 'த ஹாலிவுட் ரெவ்யூ ஆஃப் 1929' படத்தில் கிளிஃப் எட்வர்ட்ஸ் அதை யூகலேலி வாசித்தபடி, மழைக்கோட்டு அணிந்த குழுவினருக்கு நடுவே ஒரு வேடிக்கைப் பாட்டாகப் பாடினார். 1940இல் 'லிட்டில் நெல்லி கெல்லி' படத்தில் ஜூடி கார்லண்ட் குரலில் அது ஓர் இளம்பெண்ணின் குதூகலம் ஆயிற்று. 1952இல் ஜீன் கெல்லி அதைப் பாடியபடி நனைந்த தெருவில் ஆடியபோது, காதல் உறுதியான ஒருவன் உலகின் மீது கொள்ளும் முழுமையான இசைவு ஆயிற்று. வரிகள் ஒன்றே. மூன்று கலைஞர்களுக்கு மூன்று விதமாகப் பொருந்துகிற எளிமையைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. பாட்டுத்தாள் விற்ற காலத்திலிருந்து ஃப்ரீட் பயின்ற கைத்திறன் அது.

1929ஆம் ஆண்டு வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. அவ்வாண்டு வெளிவந்த 'த பிராட்வே மெலடி', சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற முதல் பேசும்படம். அதன் முக்கியமான பாடல்களை எழுதியவர்கள் ஃப்ரீடும் பிரௌனும். அதில் 'த வெடிங் ஆஃப் த பெயின்டட் டால்' என்ற ஆட்டக் காட்சி எடுக்கப்பட்ட முறை ஸ்டுடியோவின் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்குக்கு நிறைவு தரவில்லை. திரும்ப எடுக்க வேண்டுமானால், அன்றைய வழக்கப்படி இசைக்குழு முழுவதையும் படத்தளத்துக்கு மறுபடி அழைத்து, பாட்டையும் ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒலிப்பதிவுத் துறையின் டக்ளஸ் ஷியரர், முதலில் பதிவான ஒலி நன்றாக இருப்பதால் அதையே ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதற்கேற்ப ஆட்டத்தை மட்டும் புதிதாகப் படமெடுக்கலாம் என்று யோசனை கூறினார். பாட்டை முன்னதாகப் பதிந்து, பிறகு அதற்கு நடிக்கும் முறை எம்.ஜி.எம்.மில் இவ்வாறு தொடங்கியது. தமிழ்த் திரையுலகில் இன்றும் பாடல் காட்சிகள் எடுக்கப்படுவது இதே வழியில்தான். இந்த முறையைக் கண்டறிந்தவர் ஃப்ரீட் அல்லர். ஆனால் அது அவருடைய பாட்டின் மீதே முதலில் செய்து பார்க்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகள், பாடலாசிரியர் என்ற சிறிய பதவியில், பாட்டு படமாகும் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் ஸ்டுடியோவுக்குள் இருந்தே பார்த்தார். 'டெம்ப்டேஷன்', 'ஆல் ஐ டூ இஸ் ட்ரீம் ஆஃப் யூ', 'யூ ஆர் மை லக்கி ஸ்டார்' முதலிய பாடல்கள் அந்தப் பத்தாண்டில் வந்தவை. தயாரிப்பாளர் ஆகுமுன் இத்தனை நீண்ட பயிற்சி பெற்றவர் அன்றைய ஹாலிவுட்டில் மிகச் சிலரே.

தயாரிப்புப் பணியில் அவருடைய முதல் பெரிய தலையீட்டைப் பார்த்தால், அங்கே முடிவெடுப்பவர் பாடலாசிரியர்தான் என்பது புலனாகும். 'த விசர்ட் ஆஃப் ஆஸ்' கதையின் உரிமையைச் சாமுவேல் கோல்ட்வினிடமிருந்து வாங்கும்படி மேயரைத் தூண்டியவர்களில் ஃப்ரீட் முதன்மையானவர். தயாரிப்பாளராக மெர்வின் லெராயின் பெயர் வந்தது. துணைத் தயாரிப்பாளராக உழைத்த ஃப்ரீடின் பெயர் படத்தில் இல்லை. ஹெரால்ட் ஆர்லன், யிப் ஹார்பர்க் இருவரையும் பாடல்களுக்குத் தேர்ந்தவர் அவர். முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு, படத்தின் தொடக்கத்தில் கான்சஸ் பண்ணையில் சிறுமி டாரதி பாடும் 'ஓவர் த ரெயின்போ' கதையின் வேகத்தைத் தடுக்கிறது என்றும், ஒரு பெரிய ஸ்டுடியோவின் இளம் நட்சத்திரம் தொழுவ முற்றத்தில் நின்று பாடுவது பொருந்தாது என்றும் மேலதிகாரிகள் சிலர் சொல்ல, பாட்டு வெட்டப்பட்டது. ஃப்ரீட் மேயரிடம் சென்று வாதாடி அதைத் திரும்பச் சேர்க்கச் செய்தார். அப்பாட்டு சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை வென்றது என்பதைவிடப் பெரிய உண்மை, அப்பாட்டு இல்லாவிட்டால் அந்தப் படத்தில் டாரதியின் ஏக்கம் என்ற ஒன்று பார்வையாளருக்குத் தெரியவே வராது என்பதாகும். சாம்பல் நிறப் பண்ணைக்கும் வண்ண நாட்டுக்கும் இடையில் பாலம் அந்தப் பாட்டுதான். வெட்டச் சொன்னவர்கள் பாட்டை அலங்காரம் என்று எண்ணினார்கள். பாட்டே கதையின் அச்சு என்பதை அந்த அறையில் அறிந்திருந்தவர், பாட்டெழுதிப் பிழைத்தவர்.

இதே அறிவு மேலும் நுட்பமாக வெளிப்படுவது 1944இல் வந்த 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படத்தில். சாலி பென்சன் 'த நியூ யார்க்கர்' இதழில் எழுதிய குடும்பக் கதைகளே அதன் மூலம். தந்தைக்கு நியூயார்க்கில் வேலை கிடைக்கிறது, குடும்பம் ஊரை விட்டுப் போக வேண்டுமே என்று கலங்குகிறது, கடைசியில் போகவில்லை, கதை இவ்வளவே. கதையே இல்லை என்று ஸ்டுடியோவில் எதிர்ப்பு எழுந்தது. ஃப்ரீட் விட்டுக்கொடுக்கவில்லை; நிகழ்ச்சிகள் குறைவாக இருக்கும் கதையில் பாட்டு நிகழ்ச்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாடலாசிரியர்கள் ஹியூ மார்ட்டினும் ரால்ஃப் பிளேனும் டிராம் வண்டிக் காட்சிக்காக, வண்டியில் போகிறவர்கள் பாடக்கூடிய ஒரு பாட்டை எழுதிக் கொண்டுவந்தபோது, தாம் கேட்டது வண்டியில் பாடும் பாட்டு அன்று, வண்டியைப் பற்றிய பாட்டு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் வண்டியில் பாடும் பாட்டு, காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒலிக்கும் ஓர் இசைத்துணுக்கு. வண்டியைப் பற்றிய பாட்டோ, வண்டியின் மணியோசையையும் குலுக்கலையும் நாயகி எஸ்தரின் நெஞ்சுத் துடிப்பாக மாற்றி, அவள் வாய்விட்டுச் சொல்லாத காதலைச் சொல்லிவிடுகிறது. அவர்கள் திரும்ப எழுதி வந்த 'த டிராலி சாங்' படத்தின் உச்சங்களில் ஒன்றாயிற்று. அதே படத்துக்காக ராட்ஜர்ஸ்-ஹாமர்ஸ்டைன் இரட்டையரின் பாட்டொன்று படமெடுக்கப்பட்டும், ஓட்டத்துக்கு உதவாததால் நீக்கப்பட்டது. அமெரிக்க மேடையின் மிகப் பெரிய பெயர்களும் காட்சியின் தேவைக்கு அடங்க வேண்டியிருந்தது.

ஃப்ரீடும் பிரௌனும் எழுதிய ஒரு பாட்டும் அப்படத்தில் உண்டு. தற்பெருமைக் குற்றச்சாட்டைச் சொல்பவர்கள் அதைக் காட்டக்கூடும். ஊரை விட்டுப் போகும் செய்தியால் வீடே மனமுடைந்து, பிள்ளைகள் ஒவ்வொருவராக மேசையை விட்டு எழுந்து சென்றபின், தாய் பியானோவில் அமர்ந்து வாசிக்க, தந்தை தயங்கித் தயங்கிப் பாடத் தொடங்குகிறார். சுருதி அவருக்குச் சற்று உயரமாக இருக்கிறது. மனைவி அதைத் தணித்துக்கொடுக்கிறார். பிள்ளைகள் கேக் தட்டுகளோடு மெல்லத் திரும்பி வந்து அமர்கிறார்கள். தந்தையாக நடித்த லியான் ஏம்ஸுக்கு இரவல் குரல் கொடுத்தவர் ஃப்ரீடே. பயிற்சி பெற்ற பாடகர் ஒருவரின் குரல் அங்கே வந்திருந்தால் காட்சி கெட்டிருக்கும். இசை வகுப்புக்குப் போகாத ஒரு நடுத்தர வயதுக் குடும்பத் தலைவரின் குரலே அங்கே தேவைப்பட்டது. சண்டைக்குப் பிந்தைய சமாதானம் பாட்டின் வழியாகவே நடந்தேறுகிறது. இதைத் தற்பெருமை என்பவர் காட்சியைப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இனி, இப்படங்களின் பெருமை இயக்குநர்களுக்கே உரியது என்ற வாதத்தை எடுத்துக்கொள்ளலாம். மினெல்லியின் வண்ணமும் காமிரா ஓட்டமும், கெல்லி-டோனென் இருவரின் ஆட்ட உணர்வும் அவர்களுக்கே உரியவை. அவற்றைப் பிடுங்கி இன்னொருவருக்குச் சூட்டுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஆனால் அவர்கள் இயக்குநர்கள் ஆனது எவ்வாறு என்ற கேள்வியை இயக்குநர்வாதிகள் எழுப்புவதில்லை. மினெல்லி நியூயார்க்கில் மேடை வடிவமைப்பாளராக இருந்தவர். ஃப்ரீட் 1940இல் அவரை அழைத்துவந்து, திட்டவட்டமான பொறுப்பு எதுவும் சுமத்தாமல் ஏறத்தாழ ஈராண்டு ஸ்டுடியோவில் பார்த்துக் கற்க விட்டு, அதன் பிறகே கறுப்பினக் கலைஞர்கள் மட்டுமே நடித்த 'கேபின் இன் த ஸ்கை' (1943) படத்தின் இயக்கத்தை ஒப்படைத்தார். நிமிடத்துக்கு நிமிடம் கணக்குக் கேட்கும் ஒரு நிறுவனத்தில் இதைச் செய்யத் துணிவு வேண்டும். சார்ல்ஸ் வால்டர்ஸ் நடன அமைப்பாளராக இருந்து 'குட் நியூஸ்' (1947) மூலம் இயக்குநர் ஆனார். பிராட்வே மேடையில் குழு நடனக்காரராகத் தொடங்கிய டோனென், 'ஆன் த டவுன்' (1949) வெளிவந்தபோது இருபத்தைந்து வயதுக்காரர். கெல்லியின் முதல் படமான 'ஃபார் மீ அண்ட் மை கேல்' (1942) ஃப்ரீட் தயாரித்தது. பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்ற எழுத்தாளர் இரட்டையர் அவர் அழைப்பில் வந்தவர்கள். ஆள் தேர்வில் இத்தனை முறை நல்லூழ் வாய்க்காது. பாட்டெழுதுகிறவர் தனியாக வேலை செய்ய முடியாது. மெட்டு இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது. பிறர் திறமையைத் தம் வேலையின் ஒரு பகுதியாகவே காணும் கண் அந்தத் தொழிலில் அமைவது. ஃப்ரீட் கூட்டிய குழு 'ஃப்ரீட் யூனிட்' என்று அழைக்கப்பட்டதற்கு அதுவே அடிப்படை.

இதை உறுதிசெய்ய ஓர் ஒப்பீடும் கையில் இருக்கிறது. எம்.ஜி.எம்.மில் இசைப்படம் தயாரித்தவர் ஃப்ரீட் மட்டும் அல்லர். ஜோ பாஸ்டர்னாக், ஜாக் கம்மிங்ஸ் இருவரும் அதே படத்தளங்களையும், அதே இசைக்குழுவையும், பெரும்பாலும் அதே நட்சத்திரங்களையும் வைத்து அதே ஆண்டுகளில் படமெடுத்தார்கள். விடுப்பில் வந்த கடற்படை வீரர்களாக கெல்லியும் ஃபிராங்க் சினாட்ராவும் நடித்த இரு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பாஸ்டர்னாக்கின் 'ஆங்கர்ஸ் அவே' (1945) பெரும் வரவேற்புப் பெற்ற படம். கெல்லி கேலிச்சித்திர எலியுடன் ஆடும் காட்சி அதில்தான் உள்ளது. ஆனால் அதில் பியானோக் கச்சேரி, காதல் பாட்டு, எலி ஆட்டம் எல்லாம் பலவகைக் காட்சி மேடையில் போல ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. ஒன்றை எடுத்துவிட்டாலும் கதை அசையாது. ஃப்ரீடின் 'ஆன் த டவுன்' நியூயார்க்கின் உண்மையான தெருக்களில் தொடங்கி, இருபத்து நான்கு மணி நேரம் என்ற கெடுவைப் பாட்டின் தாளத்தாலேயே உந்திச் செல்கிறது. நட்சத்திரங்களும் ஸ்டுடியோவும் ஒன்றே. வேறாக இருந்தவர் தயாரிப்பாளர். கம்மிங்ஸ் தயாரித்து டோனென் இயக்கிய 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' (1954) இதற்கு விதிவிலக்கு என்று சொல்லலாம்; சொல்லட்டும், அது நல்ல படமே. ஆனால் அதை இயக்கியவர் ஃப்ரீடின் பட்டறையில் உருவானவர்.

'ஆன் த டவுன்' படத்திலேயே ஃப்ரீடுக்கு எதிரான கடுமையான சான்றும் இருக்கிறது. மேடை நாடகத்துக்கு லியனார்ட் பெர்ன்ஸ்டைன் அமைத்த பாடல்களில் பெரும்பாலானவற்றை அவர் ஒதுக்கிவிட்டு, ராஜர் ஈடன்ஸ் மெட்டமைத்த புதிய பாடல்களைச் சேர்த்தார். ஒதுக்கப்பட்டவை சேர்க்கப்பட்டவற்றைவிட உயர்ந்தவை. அதை நியாயப்படுத்த இயலாது. அவருடைய செவி டின் பான் ஆலியில், அதாவது நியூயார்க் இசைப் பதிப்பகங்களின் வட்டாரத்தில் பிறந்த பாட்டு மரபில், ஊறியது, அதற்கு அப்பால் வந்த இசை அவருக்குப் பிடிபடவில்லை. இந்தத் தோல்விகூட, முடிவுகளை எடுத்தது அவரே என்பதையும், அவற்றை எடுக்க வைத்தது பாடலாசிரியரின் செவி என்பதையுமே காட்டுகிறது.

ஈடன்ஸின் பெயர் வந்துவிட்டதால் அடுத்த வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். டெக்சஸில் பிறந்து, ஈதல் மெர்மனுக்குப் பியானோ வாசித்து, கார்லண்டின் குரலைச் செதுக்கிய ஈடன்ஸ்தான் யூனிட்டின் உண்மையான மூளை, ஃப்ரீட் கையொப்பம் மட்டுமே என்று கூறுவோர் உண்டு. ஈடன்ஸின் பங்கு மிகப் பெரியது. அதைக் குறைத்துச் சொல்வது அநீதி. அவர் யூனிட்டுக்கு வெளியே பாரமவுண்ட் நிறுவனத்துக்காகத் தயாரித்த 'ஃபன்னி ஃபேஸ்' (1957) அழகான படம். ஆனால் அது கெர்ஷ்வின் சகோதரர்களின் பழைய பாடல்களைக் கொண்டு புதுக்கதை கட்டி, பாரிசில் நடப்பதாக அமைத்து, டோனெனை இயக்குநராகக் கொண்டு எடுத்தது. அதாவது ஒவ்வொரு கூறும் ஃப்ரீட் நிறுவிய வழியைச் சேர்ந்தது. பின்னர் கெல்லி இயக்க, ஈடன்ஸ் துணைத் தயாரிப்பாளராக இருந்த 'ஹலோ, டாலி!' (1969) அளவில் பெருத்து, நஷ்டத்தில் முடிந்தது. யூனிட்டின் இரு தூண்கள் அங்கே இருந்தும், எந்தப் பாட்டு போதும், எது மிகை என்று சொல்லும் குரல் இல்லாமற் போனது.

பழைய பாடல்களைத் திரும்பப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டே மிகுதியும் பரவியிருப்பது. அதுவே மிகவும் ஆழமில்லாதது. ஓர் இசையமைப்பாளரின் தொகுப்பை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றிப் படம் அமைப்பது ஃப்ரீட் பலமுறை செய்து பார்த்த சோதனை. ஜெரோம் கெர்னின் பாடல்களுக்காக 'டில் த கிளவுட்ஸ் ரோல் பை' (1946), ராட்ஜர்ஸ்-ஹார்ட் பாடல்களுக்காக 'வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்' (1948) ஆகியவற்றை எடுத்தபோது, இசையமைத்தவரின் வாழ்க்கையையே கதையாக்கினார். இரண்டும் சோகையான படங்கள். பாடல் காட்சிகள் ஒளிர, இடையிலுள்ள வாழ்க்கைக் கதை பொய்யாகவும் தட்டையாகவும் கிடக்கிறது. அடுத்து 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' (1951) என்ற கெர்ஷ்வின் இசைத் தலைப்பை ஐரா கெர்ஷ்வினிடம் கேட்டபோது, படத்தின் இசை முழுவதும் கெர்ஷ்வினுடையதாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அது கிடைத்தது. இம்முறை இசையமைத்தவரின் வாழ்க்கை தொடப்படவே இல்லை. இசையின் மனநிலையிலிருந்து ஒரு கதை தேடப்பட்டது. வசனமே இல்லாத பதினேழு நிமிட பாலே நடனத்தோடு படம் முடியும்படி அமைக்கப்பட்டது. அது சிறந்த படம் உட்பட ஆறு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. இதே வரிசையில் அடுத்த சோதனை 'சிங்கிங் இன் த ரெயின்' (1952), அதற்கடுத்து டீட்ஸ்-ஷ்வார்ட்ஸ் பாடல்களைக் கொண்ட 'த பேண்ட் வேகன்' (1953). தம் பாடல்களின் தொகுப்பை எடுத்துக்கொள்ளுமுன் கெர்ன், ராட்ஜர்ஸ், ஹார்ட், இர்விங் பெர்லின், கெர்ஷ்வின் ஆகியோருக்கு இடம் தந்துவிட்டு வந்தவரைத் தற்பெருமைக்காரர் என்பது கால வரிசையையே பாராமல் சொல்வதாகும்.

தம் பாட்டை வைத்து அவர் தோற்றதும் உண்டு. 1950இல் வந்த 'பேகன் லவ் சாங்' 1929ஆம் ஆண்டுப் பாட்டின் பெயரைச் சூடிய சாதாரணப் படம். அடுத்த முறை பழைய பாடல்களை காம்டன்-கிரீன் இருவரிடமும் கொடுத்துக் கதை எழுதச் சொன்னபோது, அவர்கள் முதலில் மறுத்தார்கள். பின்னர் அப்பாடல்களை வாசித்துக் கேட்டுக் கேட்டு, இவை பேசாப்படம் பேசத் தொடங்கிய காலத்து ஒலி, ஆகவே கதையும் அந்தக் காலத்திலேயே நடக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். இதன் பொருளை ஊன்றிக் கவனிக்க வேண்டும்: அந்தக் கதைக்களம் பாட்டுகளிலிருந்து பெறப்பட்டது. பாட்டுகள் எளிமையாக, தம் காலத்தின் முத்திரை தாங்கியனவாக இல்லாதிருந்தால் அக்கதை தோன்றியிராது.

படத்துக்குள் அப்பாட்டுகள் செய்யும் வேலையும் அலங்கார வேலை அன்று. 'த பிராட்வே மெலடி'க்காக எழுதிய 'யூ வேர் மென்ட் ஃபார் மீ' இங்கே ஆளில்லாத படத்தளத்தில் வருகிறது. கெல்லியின் பாத்திரம் விளக்குகளைப் போட்டு, காற்றாடியைச் சுழலவிட்டு, பெண்ணை ஏணியில் நிறுத்தி, செயற்கைச் சாதனங்கள் அனைத்தையும் பார்வையாளர் கண்முன்னே இயக்கிக் காட்டிய பிறகே காதலைச் சொல்கிறது. செயற்கை என்று தெரிந்தும் காதல் மெய்யாகவே தோன்றுகிறது. 1936இல் 'சான் ஃபிரான்சிஸ்கோ' படத்துக்காக எழுதிய 'வுட் யூ', இங்கே இரவல் குரல் எவ்வாறு பொருத்தப்படுகிறது என்பதைக் காட்டும் பாட்டாகிறது: டெபி ரெனால்ட்ஸ் ஒலிவாங்கிமுன் பாடுவதிலிருந்து, வேறொருத்தியின் வாயசைவில் அது சென்று அமர்வது வரை ஒரே பாட்டின் ஓட்டத்தில் தொடர்கிறது. உண்மையில் ரெனால்ட்ஸுக்கே அப்பாட்டில் குரல் கொடுத்தவர் பெட்டி நாய்ஸ் என்ற பாடகி. 1929இல் ஷியரர் பதிவொலியை ஓடவிட்டபோது அருகில் இருந்த பாடலாசிரியர், இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, குரலும் உடலும் பிரிக்கப்பட்ட அந்தக் காலத்தையே கதைப்பொருளாகக் கொண்ட படத்தைத் தயாரித்தார். அமெரிக்கத் திரையில் இந்தப் பொருளை இவ்வளவு உள்ளறிவோடு கையாளத் தகுந்த வேறு தயாரிப்பாளர் இல்லை. இப்படத்துக்காக ஃப்ரீடும் பிரௌனும் புதிதாக எழுதிய 'மேக் எம் லாஃப்', கோல் போர்ட்டரின் 'பி எ க்ளவுன்' பாட்டை வெளிப்படையாக ஒத்திருப்பது மட்டும் அவர்கள் பெயருக்கு நேர்ந்த கறை. அதைத் துடைக்க முடியாது.

பணம் ஒதுக்கிய வணிகர் என்ற படிமத்துக்கும் அவருடைய தோல்விகள் இடம் தருவதில்லை. கனவுக் காட்சிகளால் நிறைந்த 'யோலாண்டா அண்ட் த தீஃப்' (1945), 'த பைரட்' (1948) இரண்டும் பெருநஷ்டம் தந்தன. வசனமே இல்லாமல் ஆட்டத்தால் மட்டுமே கதை சொல்லும் 'இன்விடேஷன் டு த டான்ஸ்' பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 1956இல் வெளிவந்து தோற்றது. லாபத்தையே நாடும் மேற்பார்வையாளர் முதல் தோல்வியோடு நிறுத்தியிருப்பார். 1958இல் வந்த 'ஜிஜி' ஒன்பது ஆஸ்கர்களைப் பெற்றபோது, திரையரங்குகளை ஸ்டுடியோக்கள் இழந்தும் தொலைக்காட்சி பரவியும் அத்தகைய யூனிட்டைத் தாங்கிய அமைப்பே சரிந்துகொண்டிருந்தது.

ஃப்ரீட் என்ற மனிதரைப் பற்றியும் ஒரு சொல் தேவை. சிறுமியாக இருந்தபோது அவருடைய அலுவலகத்தில் அவர் தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டதை ஷெர்லி டெம்பிள் 1988இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஃப்ரீடின் படங்களின் அழகு எதுவும் அதற்கு ஈடாகாது, அதை எழுதாமல் விடும் வரலாறு நேர்மையானதும் ஆகாது. இங்கே மறுக்கப்படுவது அவர் வேலையைப் பற்றிய ஒரு தவறான மதிப்பீடு. அவருடைய நடத்தைக்கு இக்கட்டுரை வழக்காட வரவில்லை.

'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2022இல் உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 'சிங்கிங் இன் த ரெயின்' பத்தாம் இடம் பெற்றது. அதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கெல்லியையும் டோனெனையும் பற்றியே பேசுகிறது. படத்தின் பெயர்ப் பட்டியலில் ஆர்தர் ஃப்ரீட் இரு இடங்களில் வருகிறார்: ஒன்று பாடல் வரிகளுக்காக, மற்றொன்று தயாரிப்புக்காக. இசைப்படத்தின் வரலாற்றை இனி எழுதுபவர்கள் இவ்விரு வரிகளையும் ஒருவருடைய வேலையாகச் சேர்த்துப் படிக்க வேண்டும்.